தோட்டத்துப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஸ்கொட்லாந்து ஊரைத் தேடிப் படிப்பது எப்படி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த பலருடைய பிறப்புச் சான்றிதழில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று இருக்கிறது. டன்கெல்ட், டன்சினன், பெல்மோரல், டிலிகுல்ட்றி, போடைஸ், ஸ்ரஸ்பி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பாடசாலைப் பதிவிலும் அந்தப் பெயரை எழுதி எழுதியே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய ஊரில் என்ன ஆறு ஓடுகிறது, அங்கே இருந்தவர்கள் என்ன வேலை செய்து பிழைத்தார்கள், ஏன் சிலர் அங்கிருந்து கிளம்பி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நம் முகவரியில் இருக்கும் சொல் நமக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு ஃபோனும் கொஞ்சம் டேட்டாவும் ஓரளவு ஆங்கில வாசிப்பும் இருந்தால் போதும், மீதியைச் சொல்கிறேன்.

முதலில் எழுத்துக்கூட்டைச் சரியாகப் பிடியுங்கள். நம் வாயில் புழங்கிப் புழங்கிப் பெயர்கள் உருமாறியிருக்கின்றன. டிக்கோயாவில் போடைஸ் என்று சொல்வது ஃபோர்டைஸ், மஸ்கெலியாப் பக்கம் ஸ்ரஸ்பி என்பது ஸ்ட்ராத்ஸ்பே, பொகவந்தலாவையில் பெற்றோசோ என்பது ஃபெட்டரெஸ்ஸோ. காதில் விழுந்தபடி தட்டினால் ஒன்றும் வராது. தோட்டத்துப் பெயர்ப்பலகை, தேயிலைப் பையில் அச்சடித்திருக்கும் மார்க், சம்பளச் சிட்டை, வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய விவாகப் பதிவு, இவற்றில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் வைத்துத் தேடுங்கள். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள், டல்ஹவுசியை நாம் நல்லதண்ணி என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம் ஒரு கேள்வி: அந்தப் பெயர் உண்மையில் ஓர் ஊரா? இங்கேதான் அவசரப்படக்கூடாது. டன்கெல்ட், டிலிகுல்ட்றி, பிரேமார் எல்லாம் ஊர்கள். ஸ்ட்ராத்ஸ்பே ஊரே கிடையாது, அது ஸ்பே ஆறு ஓடும் அகன்ற பள்ளத்தாக்கு. கிளன்லயனும் கிளன்டில்ட்டும் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். பெல்மோரல் ஒரு மாளிகை, விக்டோரியா மகாராணிக்காக 1852இல் வாங்கி, 1856இல் புதிதாகக் கட்டி முடித்தது. ஹொலிரூட் எடின்பரோவில் இருக்கும் அரண்மனை. வேவர்லி ஒரு நாவலின் பெயர். டல்ஹவுசியும் எல்ஜினும் இன்னும் சிக்கல், எல்ஜின் என்று ஒரு நகரம் இருக்கிறது, டல்ஹவுசி என்று ஒரு கோட்டை இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டங்களை வைத்திருந்த பிரபுக்கள் இந்தியாவை ஆளவும் வந்தார்கள், ஆகவே பெயர் ஊரிலிருந்து வந்ததா ஆளிடமிருந்து வந்ததா என்று பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஃபோர்டைஸும் டன்பாரும் குடும்பப் பெயர்களாகவும் இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் உண்டு: பொகவந்தலாவையில் இருக்கும் கெர்க்கஸ்வோல்ட்டின் பெயரில் ஸ்கொட்லாந்தின் அயர்ஷயரில் ஒரு கிராமம், இங்கிலாந்தின் கம்பிரியாவில் இன்னொரு கிராமம். ஹட்டன் என்ற பெயரும் அப்படித்தான், அபர்டீன்ஷயரிலும் உண்டு, இங்கிலாந்திலும் உண்டு. தோட்டத்தைத் திறந்த துரை எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால்தான் இது தீரும். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் ஊர்தான் என்று தெரிந்ததும் அதன் பரிஷையும் கவுண்டியையும் கண்டுபிடியுங்கள். பரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய நிர்வாகப் பிரிவு, ஸ்கொட்லாந்தின் பழைய பதிவுகள் எல்லாம் பரிஷ் வாரியாகத்தான் கிடக்கின்றன. கவுண்டிகள் 1975இல் நிர்வாகப் பிரிவுகளாக இருப்பதிலிருந்து எடுபட்டுவிட்டன, 1996இலிருந்து 32 கவுன்சில் பகுதிகள். ஃபோர்டைஸ் கிராமம் பழைய புத்தகத்தில் பான்ஃப்ஷயரில் இருக்கும், இன்றைய வரைபடத்தில் அபர்டீன்ஷயரில் இருக்கும். லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்த கின்கார்டின்ஷயரும் இப்போது அபர்டீன்ஷயருக்குள்தான். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடினால்தான் ஆவணங்கள் அகப்படும். தேடும்போது இன்னொன்று, ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் நம் தோட்டத்துத் தேயிலை விற்கும் பக்கங்களே வரிசையாக வந்து நிற்கும், கவுண்டிப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இனி வரைபடம். ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகம் தன் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் ஓட்னன்ஸ் சேர்வே என்ற அரச நில அளவைத் துறை 1843க்கும் 1882க்கும் இடையில் வெளியிட்ட முதல் பதிப்பு இருக்கிறது, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில். நம் மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டு, பிறகு தேயிலைக்கு மாறிய அதே காலம் அது. இடப்பக்கம் பழைய வரைபடம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஒன்றை நகர்த்தினால் மற்றதும் சேர்ந்து நகரும். ஃபோனில் பார்ப்பதைவிட நெட் கஃபேயிலோ பாடசாலை லாபிலோ பெரிய திரையில் பார்த்தால் நல்லது, எழுத்துகள் மிகச் சிறியவை.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு டன்கெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். டிக்கோயாவில் இருப்பவர்களுக்குப் பழகிய பெயர். மூல ஊர் பேர்த்ஷயரில், ஸ்கொட்லாந்தின் மிக நீண்ட ஆறான டே ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வரைபடத்தில் முதலில் ஆற்றைப் பாருங்கள், பிறகு பாலத்தைப் பாருங்கள். அந்தப் பாலம் தோமஸ் டெல்ஃபர்ட் கட்டி 1809இல் திறந்தது. கடக்க ஆளுக்குக் காசு, ஊர்ச் சனம் கொதித்துப்போய்ச் சுங்கக் கதவுகளையே பிடுங்கி எறிந்த கலவரங்கள் நடந்தன, 1879இல்தான் அந்தக் காசு ஒழிந்தது. பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போனால் பர்னம். அங்கேதான் ரயில் நிலையம், 1856இல் ரயில் வந்த பிறகு வளர்ந்த ஊர். ஆற்றின் ஒரு கரையில் பழைய ஊர், மறுகரையில் ரயில் வளர்த்த ஊர் என்பது வரைபடத்தைப் பார்த்த உடனேயே விளங்கிவிடும். தண்டவாளம் வந்த பிறகு ஹட்டன் எப்படி வளர்ந்தது என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது தேவாலயத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதிக்குக் கூரை இருக்கும், பாதி வெறும் சுவர். 1260இல் தொடங்கி 1501 வரை கட்டிய பேராலயம் அது, 1560இல் வந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நடு மண்டபம் கூரையில்லாமல் போய்விட்டது, கிழக்குப் பகுதி மட்டும் இன்றைக்கும் பரிஷ் தேவாலயமாக நடக்கிறது. அதைச் சுற்றி உள்ள வீடுகள் ஏன் பேராலயத்தைவிட இவ்வளவு புதியவை என்று கேட்டால் விடை 1689 ஆகஸ்ட் 21இல் இருக்கிறது. பதவி இழந்த ஜேம்ஸ் மன்னரை மீண்டும் அரியணையில் ஏற்ற நின்ற ஜாக்கபைட்டுகளுக்கும் அரசுப் படைக்கும் ஊருக்குள்ளேயே தெருச்சண்டை நடந்து, ஊர் கிட்டத்தட்ட முழுதாக எரிந்துபோனது. திரும்பக் கட்டிய அந்தச் சின்ன வீடுகளை 1950களில் ஸ்கொட்லாந்து தேசிய அறக்கட்டளை திருத்திக் காப்பாற்றியது. சதுக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் இரும்புக் கோல் ஒன்று பதிந்திருக்கிறது, துணி அளக்கும் எல் என்ற அளவு, 37 அங்குலம். சந்தையில் யாராவது துணியைக் குறைத்து அளந்துவிட்டால் வாங்கியவர் அந்தச் சுவரில் வைத்துச் சரிபார்க்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தக் கோல் ஊர் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்ததன் அருமை தெரியும். சுற்றுலாப் படங்களில் பேராலயம்தான் வரும், இந்தக் கோலைத் தேடிப் பாருங்கள் என்று நான் சொல்லுவேன்.

பூண்டுலோயா டன்சினன்காரர்களுக்கு டன்கெல்ட் பக்கத்து ஊர் மாதிரி. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் பர்னம் காடு டன்சினன் குன்றுக்கு நடந்து வந்தால்தான் அரசனுக்கு அழிவு என்று வரும், அந்தப் பர்னம்தான் மேலே சொன்ன தென்கரை. டன்சினன் சிட்லோ குன்றுத்தொடரில் இருக்கும் ஒரு குன்று, உயரம் ஏறத்தாழ 310 மீற்றர், உச்சியில் இரும்புக் காலத்துக் கோட்டையின் மேடுகள் இன்னும் தெரிகின்றன. நாடகத்தில் மக்பெத் டன்சினனில் சாகிறான். வரலாற்றில் அப்படி நடக்கவில்லை, 1054இல் தோற்றாலும் தப்பித்து, 1057இல் லம்ஃபனன் என்ற அபர்டீன்ஷயர்க் கிராமத்தில்தான் கொல்லப்பட்டான். ஊர் வரலாறு படிக்கும்போது கதையை ஒரு பக்கமும் பதிவை ஒரு பக்கமும் தனித்தனியாக எழுதிக்கொள்ளும் பழக்கம் அவசியம், ஸ்கொட்லாந்தில் கதைக்குப் பஞ்சமே இல்லை.

பெயரின் துண்டுகளும் நிலத்தைக் காட்டிக்கொடுக்கும், நம் தோட்டப் பெயர்களுக்கு ஒரு கைப்பிடி அளவு தெரிந்தால் போதும். டன் என்று தொடங்கினால் கோட்டை, கிளென் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஸ்ட்ராத் அகன்ற பள்ளத்தாக்கு, இன்வர் அல்லது அபர் ஆற்றுவாய், கேர்க் தேவாலயம், க்ரெய்க் பாறை, பிரே சரிவு. வரைபடத்தில் இவை பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி, என்னைக் கேட்டால் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1791க்கும் 1799க்கும் இடையில் சேர் ஜோன் சின்கிளேர் என்பவர் ஸ்கொட்லாந்தின் ஒவ்வொரு பரிஷ் போதகருக்கும் சுமார் 160 கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கி 21 தொகுதிகளாக அச்சிட்டார். மண் எப்படி, மழை எப்படி, எத்தனை பேர், எத்தனை ஏர், கூலி எவ்வளவு, சாப்பாட்டு விலை எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஏழைகளுக்கு உதவி போகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. 1834க்கும் 1845க்கும் இடையில் இரண்டாம் தடவையும் இதே வேலை நடந்தது. புள்ளிவிவரக் கணக்குகள் என்று இவற்றைச் சொல்வார்கள், இரண்டும் இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. உங்கள் ஊரின் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக் கூலியையும் சனத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் ஊர் பெருத்ததா, இளைத்ததா, எந்தத் தொழில் வந்தது, எது செத்தது என்று புரிந்துவிடும். எழுதியவர் போதகர் என்பதை மறக்க வேண்டாம், நிலக்கிழாரோடு சேர்ந்து சாப்பிட்டவர் அவர், குடியானவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதியிருந்தால் அது அவர் பார்வை. தோட்டத்தைப் பற்றிய அறிக்கையைத் துரை எழுதினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

லிந்துலை டிலிகுல்ட்றியின் மூல ஊரை இப்படிப் பார்த்தால் விஷயம் நன்றாகத் திறக்கும். கிளாக்மன்னன்ஷயரில் ஓச்சில் குன்றுகளின் அடிவாரம். தலைக்கு மேலே 721 மீற்றர் உயரமான பென் க்ளூக், அடியில் தட்டையான நிலம். குன்றிலிருந்து ஓடை ஒன்று வேகமாக இறங்கி ஊரின் நடுவால் போகிறது. அந்தத் தண்ணீரின் விசைதான் கம்பளி ஆலைகளைச் சுற்றியது, ஆலைகள்தான் ஊரை வளர்த்தன. வரைபடத்தில் ஓடையோடு விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தால் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி ஸ்டோரை, அதாவது தேயிலை ஆலையை, ஓட்டிய தோட்டங்கள் நம் பக்கமும் இருந்தன.

உயரத்தைப் பற்றி ஒரு விஷயம், நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. ஸ்கொட்லாந்தின் மிக உயர்ந்த மலை பென் நெவிஸ், 1345 மீற்றர். நுவரெலியா நகரம் 1868 மீற்றர். அதாவது அந்த நாட்டின் எந்த உச்சியில் நின்றாலும் நுவரெலியா பஸ் நிலையத்தைவிடத் தாழ்வுதான். பிரேமார் கிராமம் சுமார் 340 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் 1895 பெப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும் அங்கே வெப்பநிலை மைனஸ் 27.2 பாகைக்கு இறங்கியது, பிரித்தானியாவில் பதிவான மிகக் குறைந்த அளவு அது. காரணம் உயரம் இல்லை, பூமத்தியரேகையிலிருந்து இருக்கும் தூரமும், நீண்ட குளிர்கால இரவில் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இந்தக் காலநிலையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஏன் கோதுமையைவிட ஓட்ஸும் பார்லியும் அதிகம், ஏன் கல்வீடுகளுக்குச் சின்ன ஜன்னல், ஏன் ஆடு என்பதெல்லாம் தானாகவே பொருந்திக்கொள்ளும்.

தெருக்களின் வடிவத்தையும் பாருங்கள். ஃபோர்டைஸ் மாதிரிப் பழைய கிராமத்தில் சந்துகள் வளைந்து நெளிந்து போகும், நடுவில் 1592இல் கட்டிய சின்னக் கோட்டை ஒன்று வீடுகளுக்குள் வீடாக நிற்கிறது. ஸ்பே பள்ளத்தாக்கின் கிரான்டவுனில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேர், நடுவே பெரிய சதுக்கம், காரணம் அது 1765இல் நிலக்கிழார் ஒருவர் அளந்து போட்ட புது ஊர். அந்த நூற்றாண்டிலும் அடுத்ததிலும் இப்படி நூற்றுக்கணக்கான ஊர்கள் எழும்பின. நேரான தெரு கண்டால், யார் போட்டது, அதற்கு முன் அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். ஒரு சின்ன ஊரில் இரண்டு மூன்று பெரிய தேவாலயங்கள் கண்டால் 1843ஐ நினைவில் எடுங்கள், அந்த வருடம் ஸ்கொட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்து, பிரிந்துபோனவர்கள் ஊருக்கு ஊர் தங்களுக்கென்று வேறு கோயில் கட்டினார்கள்.

வெளியேற்றங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வடக்கு மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை நிலக்கிழார்கள் கிளப்பிவிட்டார்கள். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், சனங்களைக் கடற்கரைக்குத் தள்ளினார்கள், கில்டோனன் பள்ளத்தாக்கிலிருந்து அதேபோலத் தள்ளப்பட்டவர்களுக்காக அளந்து போட்ட ஊர்தான் ஹெல்ம்ஸ்டேல். 1845இல் கிளென்கால்வியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் போக்கிடம் இல்லாமல் க்ரோயிக் தேவாலயத்தின் இடுகாட்டில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள், ஜன்னல் கண்ணாடியில் தங்கள் பெயர்களைக் கீறிவைத்தார்கள், அந்தக் கீறல்களை இன்றும் வாசிக்கலாம். அதில் தங்களையே பொல்லாத தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை நிதானமாக வாசிக்க வேண்டும். அதற்காக நம் மலைக்கு வந்த துரைமாரெல்லாம் துரத்தப்பட்டவர்கள் என்று எண்ணிவிடவும் கூடாது, பலர் வடகிழக்கின் தாழ்ந்த நிலத்திலிருந்து, ஓரளவு படித்த சாதாரணக் குடும்பங்களிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள். ஜேம்ஸ் டெய்லரின் அப்பா வண்டிச்சக்கரம் செய்யும் தொழிலாளி, மகன் 16 வயதில் 1852இல் இலங்கைக்கு வந்தார்.

சரி, முதலில் கேட்ட கேள்வி: தோட்டத்துக்குப் பெயர் வைத்த ஆள் எந்த ஊர்? ஃபெர்குசன் சிலோன் டைரக்டரி என்று ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்துகொண்டிருந்தது. தோட்டம், சொந்தக்காரர், சூப்பரின்டென்டன்ட், ஏக்கர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும், பழைய பதிப்புகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. மிகப் பழைய பதிப்பில் இருக்கும் சொந்தக்காரர் பெயரை எடுத்துக்கொண்டு, டிக்கோயா வார்லி தேவாலயம் போன்ற பழைய இடங்களின் கல்லறைகளைப் போய்ப் பாருங்கள், இறந்தவரின் சொந்த ஊரையும் தகப்பனின் ஊரையும் கல்லில் பொறித்தவர்கள் உண்டு. பாசி மூடியிருந்தால் கம்பியாலோ பிரஷாலோ உரசாதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஃபோட்டோ எடுத்தால் எழுத்து தெளிவாக வரும். பெயரும் வயதும் கிடைத்துவிட்டால் ஸ்கொட்லாந்தின் பிறப்புப் பதிவுகளில் தேடலாம், 1855இலிருந்து அரசுப் பதிவு, அதற்கு முன் பரிஷ் பதிவு. படியைத் திறந்து பார்க்கக் காசு கேட்பார்கள், ஆகவே மற்ற வழிகள் முடிந்த பிறகே அங்கே போங்கள்.

தேடி எடுத்ததோடு நிறுத்தாமல் ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். இடப்பக்கம் அந்த ஊர், வலப்பக்கம் உங்கள் தோட்டம். இடப்பக்கத்தில் ஆறு, மலை, தொழில், கூலி, எரிந்த வருடம் என்று எழுதினால், வலப்பக்கத்திலும் அதே கேள்விகளுக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதில் எழுதுங்கள்: காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் எங்கே இருந்தது, எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) முதலில் கட்டியது, எந்தக் கங்காணி எந்த ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார், எந்த மலைக்கு என்ன பெயர். டன்கெல்ட் பேராலயத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், நம் லயத்துக்கு நாம்தான் எழுத வேண்டும். வலப்பக்கத்தை முதலில் முடியுங்கள், இடப்பக்கம் நூலகத்தில் இருக்கிறது, ஓடிப்போகாது.

எழுதி முடித்தால் அந்த ஊருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். சின்ன ஊர்களில் பெரும்பாலும் ஒரு வரலாற்றுச் சங்கமோ சின்ன அருங்காட்சியகமோ இருக்கும், ஓய்வுபெற்றவர்கள்தான் நடத்துவார்கள். நீண்ட கடிதம் வேண்டாம். நான் இன்ன தோட்டம், உங்கள் ஊர்ப் பெயர்தான் எங்கள் தோட்டத்துக்கும், பெயர்ப்பலகையின் படம் இதோ, இன்ன வருடம் இன்ன பெயருள்ளவர் உங்கள் பரிஷிலிருந்து இலங்கைக்கு வந்ததாகப் பதிவு இருக்கிறதா என்று நேராக ஒரே ஒரு கேள்வி. குளிர்காலத்தில் பல இடங்கள் பூட்டியிருக்கும், ஏப்ரல் முதல் செப்டெம்பருக்குள் அனுப்புங்கள், அவர்கள் கேட்டால் வலப்பக்கத்தையும் மொழிபெயர்த்து அனுப்பிவையுங்கள்.